கெங்கையம்மனுக்குக் கண் திறந்த தணிகாசலம்

திருத்தணியில் தடுக்கி விழுந்தால் ஒரு தணிகாசலத்தின் மேல்தான் விழ வேண்டும். மலைமேல் இருப்பவன் பேரை வைக்காத வீடு எது? கோயில் சுவரில் சாமிப்படம் எழுதுகிறவர்களிலேயே இரண்டு தணிகாசலம். பஸ் ஸ்டாண்டு அருகே கடை வைத்திருக்கும் நம் ஆள் தன் நிழலுக்கே பயப்படுகிறவர். மற்றவன் அரக்கோணம் ரோட்டு இளவட்டம். இருவரும் படத்தின் அடியில் வெறும் 'தணிகாசலம், திருத்தணி' என்றே எழுதுவார்கள். இனிஷியல் போடமாட்டேன் என்று இருவருக்குமே வீம்பு. அதுதான் வினையாயிற்று.

திருவாலங்காட்டுப் பக்கக் கிராமத்துத் தர்மகர்த்தா துளசிங்கம் ஆட்களோடு வந்து போனை நீட்டினார். போட்டோவில் கோயில் சுவரில் எழுதிய கெங்கையம்மன், அடியில் அந்தப் பேர்.

"கண்ணாடி காட்டாம கண்ணு தொறந்துட்டு வந்துட்டியே! மொதப் பார்வ வெளையாடிக்கினு இருந்த புள்ளைங்க மேல வுழுந்துடுச்சி. ரெண்டு புள்ளைக்கு அம்ம வாத்துக்கீது."

கண் எழுதியதும் அம்மன் முதலில் கண்ணாடியில் தன்னையே பார்க்க வேண்டும். அந்த முதல் பார்வையின் உக்கிரத்தை மனிதரால் தாங்க முடியாது.

"சத்தியமா நான் இல்லீங்க. அது அரக்கோணம் ரோட்டுத் தணிகாசலம்."

"அவன் கடை பூட்டிக் கெடக்குது. எவனா இருந்தா இன்னா? தணிகாசலம் தொறந்த கண்ண தணிகாசலந்தான் மூடித் தொறக்கணும்னு அம்மா வாக்கு. கெளம்பு."

மனைவி சுலோச்சனா சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "போவாதீங்க. நம்ம வூட்லயும் கொழந்த கீது."

"போவலன்னா வுடுவாங்களா?" என்றபடி தூரிகைகளைப் பையில் போட்டுக்கொண்டார்.

கிராமத்துக் கோயில் சுவரில் அந்த இளவட்டப் பாவி படத்தை என்ன அழகாக எழுதியிருந்தான்! நம்மவர் கைக்கு அந்த முகம் வராது. அந்தக் கண்களின் மேல் வெள்ளை பூசியபோது தாயையே குருடாக்குவதுபோல் இருந்தது. துளசிங்கம் பக்கவாட்டில் நின்று கண்ணாடியைப் பிடித்தார். சுவருக்குப் பின்னால் அம்மை கண்ட பிள்ளையின் தாய் அழுதுகொண்டிருந்தாள். தணிகாசலம் ஒதுங்கி நின்று, மூச்சை அடக்கி, கருவிழியை வைத்தார். கண்ணாடிக்குள் அம்மன் விழித்தாள்.

முடிந்ததும் கறுப்பைத் தொட்டு அடியிலிருந்த பேரை அழிக்கப் போனார். துளசிங்கம் கையைப் பிடித்தார்.

"இருக்கட்டும்யா. புள்ளைங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரப் போயி கேக்கறது?"

அம்மை இறங்கிப் பிள்ளைகளின் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்ற சேதி இன்னும் வரவில்லை. அதுவரை சுலோச்சனா வீட்டில் தாளிப்பதில்லை. வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறாள். அந்த வீட்டில் யாருக்கும் அம்மை இல்லை.