எட்டரையை நாலு தசம் ஏழுக்குள் அடைத்தவன்

இருபது வருடங்களுக்கு முன் பதுளை டவுனில் பிளேஸ்டேஷன் விளையாடிய பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சந்தேகமில்லாமல் தெரியும். எந்தக் கேமுக்கும் முடிவு கிடையாது. மூன்று வாரம் மண்டையை உடைத்து, கடைசி அரக்கனைக் கொன்று விழுத்தினால் திரை ஒரு விநாடி கறுக்கும். பிறகு முதல் பக்கம் வந்து, மறுபடியும் ஆரம்பிக்கவா என்று கேட்கும். அவ்வளவுதான். ஜப்பான்காரன் அப்படித்தான் செய்து அனுப்புகிறான் போலிருக்கிறது என்று பிள்ளைகளும் பேசாமல் இருந்துவிட்டார்கள். பாவம் ஜப்பான்காரன். அவன் முடிவையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்து அனுப்பினான். அதை வெட்டி எறிந்தது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஜெயகுமார்.

வேண்டுமென்று செய்யவில்லை. இடம் போதவில்லை, அதனால் செய்தான்.

பஜார் வீதியில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் புஹாரி நானாவின் கடை. பாட்டு, படம், கேம் எல்லாம் இறுவட்டில் அடித்துக் கொடுப்பார்கள். ஜெயகுமார் இருபத்திரண்டு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தான். காலையில் பெரட்டுக்குப் போய்த் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டியவன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டானே என்று அவன் அப்பாவுக்கு ஒரே வருத்தம். லயத்து வரிசை வீடுகளில் கேட்கிறவர்களுக்கு, "சீடிக் கடையில இருக்கான்" என்று சொல்லி முடித்துக்கொள்வார். தோட்டத்தில் எல்லாமே சீடிதான். டீவீடியும் சீடி, அதற்குப் பிறகு வந்த புளூ ரேயும் சீடி.

ஜெயகுமாருக்கு அப்படி விட முடியாது, அவன் தொழில் அது. பிளேஸ்டேஷன் இரண்டுக்கு வருகிற டீவீடியில் இரண்டு சாதி. ஓரடுக்கு டிஸ்க்கில் நாலு தசம் ஏழு ஜீபி பிடிக்கும், ஈரடுக்கில் எட்டரை. நல்ல நல்ல கேமெல்லாம் ஈரடுக்கில்தான் வரும். ஈரடுக்கு வெற்று டிஸ்க் பதுளைப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பிரயோசனம் இல்லை. இங்கே வீடுகளில் இருந்ததெல்லாம் குவைத்திலும் சவூதியிலும் எவனோ ஆண்டு அனுபவித்து விற்ற பிளேஸ்டேஷன் பெட்டிகள். தூசி தின்ற லென்ஸ். இரண்டாவது அடுக்கை வாசி என்றால் கிறீச் கிறீச்சென்று அழுதுவிட்டு நின்றுவிடும்.

ஆகவே எட்டரையை நாலு தசம் ஏழுக்குள் அடைக்க வேண்டும். இரண்டு குடும்பத்தை ஒற்றையறைக் காம்பராவுக்குள் அடைப்பது போலத்தான். லயத்தில் பிறந்தவனுக்கு அது பெரிய வித்தையா என்ன?

முதலில், இடத்தை நிரப்பச் சும்மா போட்டு வைத்திருக்கிற வெற்றுக் கோப்புகளைத் தூக்குவான். பிறகு பிரெஞ்சு, ஜெர்மன் பேச்சு. பதுளையில் யாருக்கு ஜெர்மன்? அதற்கும் போதாவிட்டால் நடுநடுவே வருகிற படக் காட்சிகள். படத்தை வெறுமனே அழித்தால் பெட்டி அதைத் தேடிக் காணாமல் அப்படியே உறைந்து நிற்கும். அதனால் ஒரு விநாடிக் கறுப்புப் படம் ஒன்று செய்து வைத்திருந்தான். வெட்டுகிற இடத்தில் எல்லாம் அதே பெயரில் அதை வைத்துவிடுவான். பெட்டி ஏமாந்துபோகும், விளையாடுகிற பிள்ளையும் ஏமாந்துபோகும். எதை வெட்டுவது என்பதற்கு அவனிடம் ஒரே கணக்குத்தான் இருந்தது. எது பெரிதோ அது முதலில் போகும். எந்தக் கேமிலும் பெரிய படம் முடிவுதான்.

ஒன்றையும் போட்டுப் பார்க்க மாட்டான். அளவை மட்டும் பார்ப்பான். "ஒரு தடவ பாத்துட்டுத்தான் வெட்டேன்" என்று புஹாரி நானா சொன்னதற்கு, "பாத்தா வெட்ட மனசு வராது நானா" என்றான். அப்போது அவனுக்கு மனசு என்று ஒன்று இருந்தது.

பிறகு எக்ஸ்பாக்ஸ் 360 வந்தது, பிளேஸ்டேஷன் மூன்று வந்தது, கடை மாடிப்படியில் கட்சி பிரிந்தது. பிளேஸ்டேஷன்காரன் புளூ ரே என்று ஒன்றைக் கொண்டுவந்தான். ஓரடுக்கில் இருபத்தைந்து, ஈரடுக்கில் ஐம்பது ஜீபி. எக்ஸ்பாக்ஸ்காரன் பழைய எட்டரை டீவீடியை விட மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றான். பெரிய கேம் வந்தால் மூன்று டிஸ்க்காகப் பிரித்துக் கொடுத்தான். "எங்களுக்கு ஒரே டிஸ்க்ல அம்பது!" என்று ஒருவன் கத்துவான். "மாத்திப் போட ஒனக்குக் கையில்லியா?" என்று மற்றவன். மாகாண சபைத் தேர்தல் கெட்டது போங்கள். ஒரு தடவை யாரோ நின்டெண்டோ பெட்டியின் குட்டி டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், ஒன்றரை ஜீபிதான். அந்த அளவில் வெற்று டிஸ்க் கிடைக்காததால் புஹாரி நானா அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்து அழகு பார்த்தார்.

ஜெயகுமார் எக்ஸ்பாக்ஸ் கட்சியாகத்தான் இருக்க முடிந்தது. அதற்குள் கொழும்பிலிருந்து ஈரடுக்கு வெற்று டிஸ்க் வரத் தொடங்கியிருந்ததால், அவனால் அடிக்க முடிந்தது அதைத்தான். புளூ ரே வெற்று டிஸ்க் வெலிமடை, பண்டாரவளை எங்கே தேடினாலும் கிடையாது. வேலை மெல்ல மெல்லத் தேய்ந்தது. இப்போது நூறு ஜீபி டிஸ்க் வருகிறது, அதிலும் முழுக் கேம் இருப்பதில்லை. மிச்சத்தை இன்டர்நெட்டில் இறக்கிக்கொள் என்கிறான். டிஸ்க் போட வாயே இல்லாத பெட்டிகளும் வந்துவிட்டன. நாற்பத்துமூன்று வயது ஜெயகுமார் அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இன்னொரு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுக்கிறான். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போகிறதைப் பார்த்துக்கொண்டிருப்பான். வெட்டுகிற வேலை இல்லை.

போன மாதம் ஒரு ஆள் படியேறி வந்தான். நல்ல சப்பாத்து, நல்ல வாசம்.

"அண்ணை, என்னைத் தெரியுதே? கச்சேரியிலை அரசாங்க வேலை பாத்த செல்வரத்தினத்தின்ரை மகன், கிஷாந்தன்."

"தெரியுதுங்க. வாங்க, ஒக்காருங்க."

"உங்களாலை நான் லண்டனிலை பந்தயம் தோத்தனான். அந்த வாள்சண்டைக் கேமுக்கு முடிவே இல்லையெண்டு அடிச்சுச் சொன்னன். பெடியள் போட்டுக் காட்டினாங்கள். இருபத்திரண்டு நிமிசம் அண்ணை! கதையிலை வாற அந்தப் பெட்டை உயிரோடை திரும்பி வாறாள். இவ்வளவு காலமும் அவள் செத்துப்போனாள் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

"எடம் பத்தலைங்க."

"இடம் காணாட்டி முடிவையோ வெட்டுறது?"

"அதுதாங்க பெருசு."

புஹாரி நானா விழுந்து விழுந்து சிரித்தார். "இவன் கத்திரிக்கோலோட பொறந்தவன் மகன்" என்றார். கிஷாந்தனும் சிரித்தான். ஜெயகுமார் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தான். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை.

ஆறு வருடமாக அவன் அப்படித்தான் இருக்கிறான். பூனாகலைப் பெண் விஜயலெட்சுமியை ஆசைப்பட்டுத்தான் கட்டினான். வயிற்றில் இரண்டு தடவை தங்கியது, இரண்டும் நிலைக்கவில்லை. இரண்டாவது ஆறாம் மாதத்தில் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கொடுத்ததை அவன்தான் கையில் வாங்கினான். அன்றைக்கு மரத்துப்போனவன்தான். அவளாவது அழுதாள். அழுது முடித்து, ஏழு பேர்ச் காணியில் சொந்தமாக ஒரு வீடு கட்டுவோம் என்று சொல்லி, ஒரு குவைத் வீட்டுக்கு வேலைக்குப் போனாள். இரண்டு வருட அக்ரிமெண்ட். அது முடிந்து இன்னொன்று. அதுவும் முடிந்து இன்னொன்று.

விஜயலெட்சுமி வீடியோ அனுப்புவாள். அந்த வீட்டில் தமிழ் பேச ஆள் கிடையாது. கையில் போனைப் பிடித்துக்கொண்டு பேசித் தீர்ப்பாள். அடுப்படியைக் காட்டுவாள், எஜமானியின் பிள்ளையைக் காட்டுவாள், மழை பெய்தால் ஓடிப்போய் மழையைக் காட்டுவாள். முதல் இரண்டு வருடம் ஜெயகுமார் எல்லாவற்றையும் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தால் அந்தத் துணி ஞாபகம் வந்தது. பாதியில் நிறுத்தினான். பிறகு திறப்பதையே விட்டான். அவனுடைய பழைய போனில் இடமும் குறைவு. உடைந்த பெட்டிகளைப் படம் பிடித்து வாடிக்கைக்காரர்கள் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். இடம் போதாது என்று போன் கத்தும் போதெல்லாம் அவன் கை தானாக அளவைப் பார்க்கும். பெரியது எப்போதும் விஜயலெட்சுமியின் வீடியோதான். ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பிவிட்டு அதை அழிப்பான். அவளும், பார்த்துவிட்டார் என்று நிம்மதியாக இருப்பாள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவனுக்குத் தொழில் பழக்கம் தாலி கட்டினவள் மட்டும் வந்தது.

இந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் விஜயலெட்சுமியின் தங்கை துஷாந்தினி கடைக்கு வந்தாள். டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறவள். படியேறி வந்ததும் வராததுமாக, உட்காராமலே கேட்டாள்.

"மச்சான், அக்கா இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுருச்சே. நீங்க ஏன் சரின்னீங்க?"

"நான் எப்ப சரின்னேன்?"

"போன வாரம் வீடியோல கேட்டுச்சாமே, வரவா, இருக்கவான்னு. இருக்கச் சொன்னா ஒரு கை படம் போடுங்க, வரச் சொன்னா ஒரு போன் எடுங்கன்னு சொல்லுச்சாம். நீங்க கட்டவெரலப் போட்டீங்களாம்."

ஜெயகுமார் திரையைப் பார்த்தான். கம்ப்யூட்டரில் பச்சைக் கோடு பாதி தூரம் போயிருந்தது.

"வரச் சொல்லுவீங்கன்னு நம்பிப் பெட்டிகூட வாங்கி வச்சிருந்துச்சு மச்சான். செவப்புப் பெட்டி. எனக்குப் படம் அனுப்புச்சு." துஷாந்தினி படிப்பக்கம் திரும்பினாள். "ஒங்க மனசு என்ன கல்லா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

கல்தான். ஆனாலும் அந்தச் சிவப்புப் பெட்டி என்ற சொல் எங்கேயோ போய்த் தைத்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவனுக்கு நெஞ்சு வலித்தது. மாடிப் பின்பக்கம், தகரக் கூரை தெரிகிற ஜன்னலுக்குப் போய்க் குவைத்துக்குப் போன் எடுத்தான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னங்க, நீங்களா எடுக்குறீங்க? யாருக்கும் எதும் ஆயிருச்சா?"

"ஒண்ணும் ஆகல. கையெழுத்துப் போட்டியாமே?"

"ஆமாங்க. நீங்கதான சரின்னீங்க." உடனே சேர்த்தாள். "பேப்பர் இன்னும் மேடம் கையிலதான் இருக்கு. ஞாயித்துக்கெழமதான் ஏஜென்சிக்குக் கொண்டு போவாங்க. நல்ல மனுசி, வேணாம்னா கிழிச்சிருவாங்க. ஏங்க கேக்குறீங்க?"

அவன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"அந்த வீடியோவ முழுசாப் பாத்தீங்கதான? மனசுல இருந்த எல்லாத்தையும் அதுல சொல்லிட்டேனே. அதெல்லாம் கேட்டுட்டுத்தான சரின்னு போட்டீங்க?"

பார்க்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் பேப்பரைக் கிழிக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியை அடுக்கத் தொடங்கிவிடுவாள். ஆனால் அதை மட்டுமா பார்க்கவில்லை? நாலு வருடமாக அவள் காட்டிய அடுப்படி, மழை, எதையும் பார்க்கவில்லை; எதற்கெல்லாம் கட்டைவிரல் போட்டோம் என்று அவனுக்கே தெரியாது. ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் கூட வரும். கை தவறி அழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. வெளியே நின்று பார்க்கிற நமக்கு ஆயிரம் பொய் தோன்றும். அவனுக்கு ஒன்றுதான் தோன்றியது, அதுவும் இருக்கிற பொய்களிலேயே கேடுகெட்டது.

"பாத்தேன்."

"முழுசாவா?"

"முழுசா."

அங்கே ஒரு குழந்தை அரபியில் எதையோ கேட்டு அழுதது. விஜயலெட்சுமி அதற்கு ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிட்டு வந்தாள்.

"அப்ப சரிங்க. இன்னும் ரெண்டு வருசந்தான, ஓடிரும்." மூக்கை உறிஞ்சினாள். "கடைசில கொஞ்சம் அழுதுட்டேன். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. யாருக்கும் காட்டிறாதீங்க. அத அழிச்சிருங்க."

"அழிச்சிர்றேன்" என்றான் ஜெயகுமார்.