ஜூல் மாமா பூட்டிய குரல்

என் அக்கா தனக்கொடியின் புருஷன் ஜூல் மாமா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்கிற சிப்பாயாக இருந்து பென்ஷனோடு ரெட்டியார்பாளையம் திரும்பியவர். மகா அழுத்தக்காரர். கணக்குப் போடுவது, ஜெபிப்பது, திட்டுவது எல்லாம் பிரெஞ்சில்தான். ஒரே மகள் கமீயோடும் அப்படியே. அக்காவுக்கு அதில் ‘மெர்சி’ தாண்டித் தெரியாது. அப்பனும் மகளும் பேசிச் சிரித்தால் இவள் சமையலறையில் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள்.

கமீய் பிரெஞ்சு நகரமான லியோனில் நர்ஸ். அங்கே அவளுக்குப் புற்றுநோய் வந்தது. அம்மா தாங்க மாட்டாள் என்று இரண்டு பேரும் மறைத்துவிட்டார்கள். பெற்றவளிடம் மறைக்கிற விஷயமா இது? கமீய் தன் வலியையெல்லாம் குரல் பதிவுகளாக அப்பாவுக்கு அனுப்பினாள். அக்கா கையில் அகப்பட்டுவிடும் என்று மாமா அவற்றைக் கணினிக்கு மாற்றி, போனில் அழித்தார். கணினிக்கு என்கிரிப்ஷன் போட்டார். கடவுச்சொல் இல்லாதவனுக்கு உள்ளே இருப்பது வெறும் குப்பை எழுத்து. கடவுச்சொல்லோ நீளமான ஒரு பிரெஞ்சு வாக்கியம். உள்ளே இருப்பது என்னவென்று அப்போது தெரியாமலே, எங்காவது குறித்து வையுங்கள் என்றேன். எழுதி வைத்தால் அது ரகசியமா என்று என்னையே மடக்கினார்.

கமீய் போய்ச் சேர்ந்த பிறகுதான் அக்காவுக்கு எல்லாம் தெரிந்தது. பதிவில் அம்மாவுக்கும் ஏதோ சொல்லியிருக்கிறாள், மனசு ஆறட்டும், சொல்கிறேன் என்று மாமா தள்ளிப்போட்டார்.

போன தை மாதம் அவருக்குப் பக்கவாதம். கை கால் மீண்டது, தமிழும் மீண்டது. பிரெஞ்சு மட்டும் துடைத்துவிட்டாற்போல் போய்விட்டது. அப்படியும் நடப்பதுண்டு என்றார் டாக்டர். மாதா கோயிலில் பிரெஞ்சுப் பூசையில் மாமா திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். கடவுச்சொல்லும் மகள் சொன்னதும் அந்த மொழியோடு போய்விட்டன.

கம்ப்யூட்டர் கடை கோபிநாத்தை அழைத்து வந்தேன். என்னென்னவோ செய்து பார்த்துவிட்டுக் கையை விரித்தான்.

“மாமா ஒரு தப்பும் பண்ணலண்ணே. ஒழுங்கா பூட்டியிருக்காரு. அதான் யாராலயும் தொறக்க முடியாது.”

எனக்கு அந்தக் கணினியைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போல ஆத்திரம். அக்கா அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மாமா அழுதார். “தொறந்தாலும் எனக்குப் புரியாது தனம். பாப்பா உனக்கு என்ன சொன்னான்னு இனிமே சொல்ல முடியாது.”

“புரிஞ்சா கேட்டேன் இத்தினி வருஷம்?” என்றாள் அக்கா. “அவ குரல் மட்டும் போதும்யா எனக்கு.”