மத்தியானம் பன்னிரண்டேகால்

நெல் ஆலையில் கணக்கு எழுதிய வேலை போன பிறகு எனக்குக் கிடைத்தது, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்கும் வேலை. பரந்தன் சந்தியில் ஒரு பசளைக் கடையின் மேல்மாடியில் அலுவலகம். புதிதாகச் சேர்ந்த ஏழு பேரில் நானே மூத்தவள். பயிற்சி கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்தவர் வெள்ளைப் பலகையில் பெரிய வட்டம் ஒன்றைக் கீறி நான்காகப் பிரித்தார். வேலை, குடும்பம், உடம்பு, மனம். இந்த நான்கும் சமமாக இல்லாவிட்டால் விற்பனைத் தொழிலில் ஒருவர் ஆறு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க மாட்டார் என்றார். ஒவ்வொருவரும் தன் நாளைச் சமமாகப் பங்கிட்டு ஓர் அட்டவணை எழுதித் திங்கட்கிழமை தரவேண்டும். "உண்மையா எழுதுங்கோ, இது உங்கட நன்மைக்கு" என்று இரண்டு தரம் சொன்னார்.

நான் நம்பினேன். இருபது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். சமமான நாள் என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பொன்னகை பார்த்தது போல இருக்கும்.

ஞாயிறு பின்னேரம் அடிமட்டமும் இரண்டு நிறப் பேனையும் எடுத்துக்கொண்டு, என் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். அவருக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பு வேலை செய்யாது. வலக்கை மட்டும் கொஞ்சம் அசையும். எப்படி அப்படி ஆனது என்று எங்கள் பகுதியில் ஒருவரும் கேட்பதில்லை. அதற்கு முன் ஏ-9 வீதியில் தனியார் பஸ் ஓட்டினவர். கைகால் போனாலும், பஸ் நேரம் குறிக்கும் ரைம்கீப்பர்களோடு சண்டை பிடித்த அந்த வாய் போகவில்லை.

"ரைம்கீப்பர் அம்மா, என்ரை பஸ் எத்தினை மணிக்கு?"

"பன்னிரண்டேகாலுக்கு."

"பிந்தினால் ஆரிட்டை முறையிடுறது?"

"பிந்தாது."

"சொல்லுவினம். எல்லா ரைம்கீப்பரும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

பன்னிரண்டேகால் என்று நான் எழுதியதற்குக் காரணம் இருந்தது. அவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் இறந்து புண்ணாகும். முன்பொரு முறை வந்த புண் ஆறுவதற்கு ஒரு மாரி முழுக்க எடுத்தது. மறுமுறை வந்தால் எலும்புக்குள் போகும் என்று கிளினிக் தாதி சொல்லியிருந்தா. காலையில் நான் திருப்பிவிட்டுப் போவேன். பத்து மணிக்கும் பின்னேரமும் பக்கத்து வீட்டு அக்கா வந்து திருப்ப ஒத்துக்கொண்டா. மத்தியானம் மட்டும் அவவால் முடியாது. வயலில் நிற்கும் தன் மனுசனுக்குச் சோறு கொண்டுபோக வேண்டும். மத்தியானத்தில் எங்கள் ஊரில் ஒருவருக்கும் ஒழிவில்லை. ஆகவே அந்த நேரம் என்னுடையது. வேலையிடத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து, திருப்பி, சோறு தீத்தி, ஒன்றரைக்குத் திரும்பிவிடலாம். குடும்பம் என்ற பத்தியில், "கணவரைத் திருப்புதல், உணவு" என்று நீலப் பேனையால் எழுதினேன்.

திங்கள் காலை, என்னோடு சேர்ந்தவர்களில் ஒருவர் என் தாளை எட்டிப் பார்த்தார். பூவரசங்குளத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், மிதமாகக் கதைக்கிறவர்.

"அக்கா, உதை உப்பிடிக் குடுக்காதேங்கோ."

"ஏன், பிழையோ?"

"பிழை இல்லை. சரியாக் கிடக்கு. அதுதான் சொல்லுறன்." அவருடைய தாளில் காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை "வாடிக்கையாளர் சந்திப்பு" என்று ஒரே வரி. அதற்குக் கீழே "கோயில்" என்று இருந்தது. கோயிலுக்குப் போகிறவராக அவரை நான் ஒருநாளும் கண்டதில்லை. நான் என் தாளைத் திருத்தாமல் கொடுத்தேன்.

எங்கள் முகாமையாளருக்கு என்னைவிட இருபது வயது குறைவு. அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, என்னுடையதில் நின்றார். எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்க வாசித்தார்.

"பன்னிரண்டேகால், கணவரைத் திருப்புதல். இதென்ன அக்கா, ரொட்டியோ?"

சிரித்தார்கள். நான் காரணத்தைச் சொன்னேன். ஒருவருக்கு முகம் சுருங்கியது, சிரிப்பு நின்றது. முகாமையாளர் சிரித்தபடியே தலையாட்டினார்.

"அப்ப அந்த நேரத்திலை உங்கடை வீட்டிலை அவர் மட்டும்தான்?"

"ஓம்."

"வடிவா எழுதியிருக்கிறீங்கள். மற்றவை எல்லாரும் பொய் எழுதினவை. உங்கடை தாளிலைதான் எங்கை நேரம் சும்மா கிடக்கெண்டு தெரியுது." சிவப்புப் பேனையால் என் நீலப் பெட்டியைச் சுற்றினார். "மத்தியானம்தான் எங்கடை அறுவடை அக்கா. இந்த நேரத்தை விட்டா வேறை நேரம் இல்லை. இண்டைக்கு என்னோடை வாங்கோ, காட்டுறன்."

அன்று மத்தியானம் வாய்க்கால் கரையோரக் குடியேற்றத் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்காரர் அப்போதுதான் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டை மாற்றாமல் இருந்தன. குசினிக்குள் குழம்பு இறக்கிய வாசம். மனைவி எங்களைக் கண்டதும், "வாங்கோ, இருங்கோ, ஒரு பிடி சாப்பிடுங்கோவன்" என்றா.

"ஐயோ வேண்டாம் அம்மா. நீங்கள் சாப்பிடுங்கோ. நாங்கள் இருக்கிறம்." முகாமையாளர் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

வந்தவர் பார்த்திருக்க வீட்டாள்கள் சாப்பிடுவதில்லை. வந்தவர் கைநனைக்கவும் மாட்டேன் என்கிறார், எழும்பவும் மாட்டேன் என்கிறார். அவர்கள் என்னதான் செய்வார்கள்? முகாமையாளர் ஆறுதலாகக் கதைத்தார். கேத்தலைக் கொண்டுவரச் சொல்லி அடியில் படிந்திருந்த வெள்ளையைச் சுரண்டிக் காட்டினார். சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றிச் சொன்னார். சின்னப் பிள்ளை குசினி வாசலுக்கும் தாயின் மடிக்கும் நடந்தது. தகப்பன் ஒரு தரம் வெயிலைப் பார்த்தார். பிறகு குழாயைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். பிறகு, "சரி, எங்கை கையெழுத்து வைக்கிறது?" என்றார்.

படலையைத் தாண்டியதும் முகாமையாளர் என்னிடம் சொன்னார்: "நான் ஒண்டும் விக்கேல்லை அக்கா. பசிதான் வித்தது. நாளையிலிருந்து நீங்கள் தனியச் செய்யுங்கோ. மூண்டு மாசம் இப்பிடி ஓடினால் நிரந்தரம். இல்லாட்டி வீட்டிலை இருந்து ரொட்டியைத் திருப்புங்கோ."

நிரந்தரம் எனக்குத் தேவைப்பட்டது. கணவரின் மருந்துக்கும் மெத்தைக்கும் வேறு வழி இல்லை. பக்கத்து வீட்டு அக்கா பத்து மணிக்குப் பதில் பதினொன்றுக்கு வந்தா. வயலிலிருந்து திரும்பி மூன்று மணிக்கு மறுபடி வந்தா. இடையில் நான்கு மணித்தியாலம் அவர் ஒரே பக்கத்தில் கிடந்தார். சோற்றைக் கரண்டியோடு கை எட்டுமிடத்தில் வைத்துவிட்டுப் போவேன். பாதி வாய்க்குள்ளும் பாதி கழுத்துக்குள்ளும் போயிருக்கும். இரவு நான் துடைக்கும்போது, "மத்தியான பஸ் ரத்துப்போல" என்பார்.

நானும் மற்றவர்களின் வீடுகளில் கதிரையில் சாய்ந்து இருக்கப் பழகினேன். கதையை எப்போது மெதுவாக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் உள்ள வீட்டில் கையெழுத்து விரைவில் விழும். ஒரேயொரு வீட்டில்தான் தோற்றேன். மலையகத்திலிருந்து வந்து குடியேறின குடும்பம். அந்த மனுசி எனக்கு முன்னாலேயே கோப்பைகளை வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டா.

"நீங்க பேசுங்கக்கா, காது சும்மாதான இருக்கு. நாங்க தின்னுக்கிட்டே கேக்குறோம்."

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினா. "நல்லாச் சொன்னீங்க. வேணாங்க்கா" என்றா. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டு வடிகட்டாத கிணற்றுத் தண்ணீரையே தந்தா. பின்னால் பிள்ளைகள் சிரித்தது படலைவரை கேட்டது.

இரண்டாவது மாதத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது குசினிச் சுவரில் எங்கள் நிறுவனத்தின் வடிகட்டி பூட்டிக் கிடந்தது. அதன் கீழே சீமெந்துத் தூள். நான் அறைக்குள் போனேன்.

"ஆர் வந்தது?"

"உன்ரை கொம்பனிதான்."

ஒருவரும் தன் சொந்த ஊரில் விற்கக்கூடாது என்பது அலுவலக விதி. எங்கள் ஊர் பூவரசங்குளத்துக்காரரின் பங்கு.

"நான் அங்கை வேலை செய்யிறது தெரிஞ்சும் ஏன் கையெழுத்து வைச்சனீங்கள்? என்ரை சம்பளத்திலைதானே வெட்டுவாங்கள்?"

"வெட்டட்டும்."

"கேட்டதுக்குச் சொல்லுங்கோ."

"பன்னிரண்டரைக்கு வந்தவன். வந்த உடனை பில்டரைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை. 'அண்ணை, திருப்பிவிடட்டோ' எண்டு கேட்டான். திருப்பினான். சோத்தைக் குழைச்சுத் தீத்தினான். வாயைத் துடைச்சான். பிறகுதான் பேப்பரை எடுத்தவன்." கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. "நீ பில்டரும் கொண்டு வாறேல்லை, திருப்பவும் வாறேல்லை. நான் ஆரிட்டை வாங்கிறது?"

அடுத்த திங்கள் கூட்டத்தில் முகாமையாளர் பூவரசங்குளத்துக்காரரை எழுப்பி, அந்த விற்பனை எப்படி நடந்தது என்று எல்லோருக்கும் சொல்லச் சொன்னார். அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். யாருடைய வீடு என்று சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். "வாடிக்கையாளரின்ரை தேவையை முதல்லை நிறைவேற்றோணும், இதுதான் பாடம்" என்று முகாமையாளர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். என் கைகளும் தட்டின.

கீழே பஸ் தரிப்பிடத்தில் அவரைப் பிடித்தேன்.

"என்ன வேலை செய்தனீங்கள்?"

"அக்கா, அந்த நேரத்திலை அவர் தனியக் கிடப்பாரெண்டு எங்கள் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினதுதானே. நான் போகாட்டி வேறை ஆரும் போயிருப்பினம். அவை திருப்பியும் இருக்கமாட்டினம்."

"அதுக்கு நன்றி சொல்லோணுமோ உங்களுக்கு?"

"வேண்டாம். எனக்கும் மூண்டு மாசம் முடிக்கோணும்." பஸ் வந்துகொண்டிருந்தது. ஏறப்போனவர் திரும்பினார். "இடுப்புக்குப் பின்னாலை, வாலெலும்படியிலை சிவந்து கிடக்கு. பாத்தனீங்கள்தானே?"

நான் பார்த்திருக்கவில்லை. என் கணவரை நான் பார்ப்பது விடிய இருட்டிலும் இரவு மின்குமிழ் வெளிச்சத்திலும்தான்.

அன்று மத்தியானம் எனக்குத் தந்திருந்த ஊருக்குப் போகாமல் ஸ்கூட்டியை வீட்டுக்கு விட்டேன். யன்னலைத் திறந்து, பகல் வெளிச்சத்தில் அவரைப் பக்கமாகத் திருப்பினேன். இரண்டு விரல் அகலத்தில் சிவப்பு. விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்று தாதி பழக்கியிருந்தா. அழுத்தி எடுத்ததும் வெளிறினால் தோல் உயிரோடு இருக்கிறது. வெளிறாவிட்டால் உள்ளே பழுது தொடங்கிவிட்டது. அழுத்தினேன். சிவப்பு அப்படியே இருந்தது.

தொலைபேசி அடித்தது, முகாமையாளர். ஒரு கை கணவரைப் பிடித்திருந்ததால் ஒலிபெருக்கியை அழுத்திக் கட்டிலில் போட்டேன்.

"எங்கை அக்கா நிக்கிறீங்கள்? சாப்பாட்டு நேரம் போகுது."

"என்ரை வீட்டிலை நிக்கிறன் தம்பி." அதுவரை அவரை நான் 'சேர்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். "இனி மத்தியானத்திலை நான் இஞ்சைதான். மற்ற நேரம் எவ்வளவெண்டாலும் ஓடுறன்."

"மற்ற நேரம் எனக்கு வேண்டாம். விடியவும் அங்கையே நில்லுங்கோ, பின்னேரமும் அங்கையே நில்லுங்கோ. பையையும் மாதிரிப் பொருளையும் ஆரிட்டையும் குடுத்துவிடுங்கோ." கட்டிலில் குரல் நின்றுபோனது.

கணவர் சிரித்தார். சுவரைப் பார்த்தபடி கிடந்ததால் முகம் தெரியவில்லை. தோள் குலுங்கியது.

"போட்டுதோ வேலை?"

"ஓம்."

"அப்ப பில்டருக்கு ஆர் கட்டுறது?"

"கழட்டிக்கொண்டு போவாங்கள்."

"கழட்ட அந்த ஆளையே வரச்சொல்லு. அவன் திருப்பினது நோகேல்லை. நீ திருப்பினா நோகும், பாண் வெட்டுற மாதிரி."

அவருக்கு உணர்வு மிஞ்சியிருப்பது கழுத்திலும் தோளின் மேல்பக்கத்திலும்தான். இத்தனை வருடமாக நான் பிடிக்கும் இடமும் அதுதான்.

"அவர் எப்பிடிப் பிடிச்சவர்?" என்று கேட்டேன்.

"தோளுக்குக் கீழை கையைக் குடுத்திட்டு, கொஞ்ச நேரம் சும்மா நிண்டவன். பிறகுதான் திருப்பினவன்."

நான் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்து நின்றேன். வெளியே பக்கத்து வீட்டு அக்கா சோற்றுப் பாத்திரத்தோடு வயல் பக்கம் போவது யன்னலால் தெரிந்தது.

"எவ்வளவு நேரம் நிண்டவர்?"

"அதுக்கும் உனக்கு மணிக்கூடு வேணுமோ?" என்றார்.