வார் தொங்கும் ஹெல்மெட்டுகள்

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஹெல்மெட் விற்பவனுக்கு நல்ல நாள், கெட்ட நாள் என்றெல்லாம் கிடையாது. போலீஸ் நிற்கும் நாள், நிற்காத நாள், அவ்வளவுதான். திருவொற்றியூர் ரோட்டோரம் இரண்டு கம்பம், நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் இருபது ஹெல்மெட், இதுதான் என் கடை. துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர் வரிசைக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு முழ இடத்தில் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பைக் ஓட்டுகிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி.

திரும்பி வந்தது

ஒரு நாள் காலையில் கடைக்கு நூறடி தள்ளி போலீஸ் வண்டிகளை மடக்கிக்கொண்டிருந்தது. தூரத்திலேயே அதைப் பார்த்துவிட்ட ஒருவர் அவசரமாக பைக்கை நிறுத்தி, அளவுகூடப் பார்க்காமல் ஒரு ஹெல்மெட்டை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு பறந்தார். பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தார். சரக்கில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று பதறிப்போனேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "போலீசத் தாண்டியாச்சு நைனா. இனிமே இத்த வச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்? நீயே வச்சிக்கோ, துட்ட குடு."

செல்வத்தின் கழுத்து

தண்டையார்பேட்டையில் வீடு, மணலியில் ஒப்பந்த ஃபிட்டர் வேலை, பெயர் செல்வம். கடையிலேயே விலை கூடின ஹெல்மெட்டாகப் பார்த்து எடுத்தார். கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் தாடைக்குக் கீழே மாட்டும் வாரைக் கத்தரித்துத் தரச் சொன்னார்.

கத்தரிக்க மாட்டேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். அவர் அடுத்த கடையைத் திரும்பிப் பார்த்தார். உடனே என் வீறாப்பு இறங்கிவிட்டது. வாரை மடித்து உள்ளே செருகி, ஒரு ரப்பர் பேண்டும் போட்டுக் கொடுத்தேன். வியாபாரம் என்று வந்துவிட்டால் நானும் யோக்கியன் இல்லை. போகும்போது செல்வம் விளக்கம் சொன்னார்: "தலைக்கு ஹெல்மெட் போடுன்னுதான் சட்டம் சொல்து. கய்த்துக்குக் கட்டுன்னு எவன் சொன்னான்?"

சுவர் ஏறும் ஹெல்மெட்

மணலிப் பக்கம் செல்வம் வேலை பார்க்கிற கம்பெனியில் (பெயர் வேண்டாம்) ஹெல்மெட் இல்லாத பைக்கை உள்ளே விடுவதில்லை என்று உத்தரவு போட்டார்கள். அடித்தது யோகம் என்று ஒரு வாரம் கேட்டுக்குப் பக்கத்தில் கடையை மாற்றினேன். ஆறு பேர் சேர்ந்து வந்து ஒன்றே ஒன்று வாங்கினார்கள். முதல் ஆள் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அடுத்த நொடி ஹெல்மெட் காம்பவுண்டு சுவருக்கு மேலே பறந்து வந்தது. இரண்டாவது ஆள் கேட்ச் பிடித்து மாட்டிக்கொண்டார். இப்படியே ஆறு பேரும் உள்ளே போய்விட்டார்கள். செல்வம் மட்டும் தன்னுடையதை இந்த ஆட்டத்துக்குக் கொடுக்கவில்லை. கீறல் விழுந்துவிடுமாம்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று காவலாளியைக் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "உள்ள போறப்போ தலையில இருக்கணும்னு போட்டு கீது, இருக்குது. யாரோட ஹெல்மெட்டுன்னு கேக்கச் சொல்லி போடலியே."

ஒரு கீறல்கூட இல்லை

போன மாதம் செல்வம் ஒரு வாரமாகக் கண்ணில் படவில்லை. அவரோடு வேலை செய்கிறவர் வந்து விஷயத்தைச் சொன்னார். முன்னால் போன ட்ரெய்லர் திடீரென்று பிரேக் போட, பைக் ரோட்டு மணலில் வழுக்கிவிட்டது. ஹெல்மெட் முதல் ஆளாகக் கழன்று போய் ஓரத்து மணல் குவியலில் உட்கார்ந்துகொண்டது. தலை தனியாகத் தார் ரோட்டில் மோதியிருக்கிறது. ஒன்பது தையல், இரண்டு நாள் நினைவில்லை. அந்த ரப்பர் பேண்டைப் போட்டது இந்தக் கைதானே? அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் ஷேர் ஆட்டோவில் மனைவியோடு செல்வம் வந்து இறங்கினார். தலை முழுக்கக் கட்டு. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவரோ கையிலிருந்த ஹெல்மெட்டை நாலு பக்கமும் திருப்பிக் காட்டினார். "நீ குடுத்தது அசல் சரக்கு நைனா. அவ்ளோ தூரம் உருண்டும் ஒரு கீறல் கீதா பாரு!"

தேவியின் ஏற்பாடு

அவர் மனைவி தேவி அந்த ஹெல்மெட்டைப் பிடுங்கி, ரப்பர் பேண்டை அறுத்து, வாரை வெளியே இழுத்தார். அதை எப்படி மாட்டுவது, எவ்வளவு இறுக்குவது, எப்படிக் கழற்றுவது என்று என்னிடம் கேட்டார். என் தலையையே மாதிரியாக வைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை நாலு தடவை மாட்டிப் பார்த்தார். "அதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?" என்று முனகிய புருஷனைத் திரும்பியும் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "கட்டு பிரிக்கிற வரைக்கும் வண்டி சாவி என்னாண்டதான் இருக்கும்ண்ணா. அதுக்கப்பறம் காலைல நான் பூட்டி அனுப்புவேன், சாயங்காலம் வூட்டுக்கு வந்தா நானே கயட்டுவேன். நடுவுல டீ வேணும்னா ஸ்ட்ரா வச்சி குடிக்கட்டும்."

இத்தனை வருஷத்தில் வாரை எப்படி மாட்டுவது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போன ஒரே ஆள் அந்த அம்மாதான். அவருக்கோ பைக் ஓட்டவே தெரியாது.