உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதத்தில்

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி ஓய்ந்த காலையில், எங்கள் சமையல் குசினி வாசலில் நின்றபோது கடல் தெரிந்தது. அதற்கு முன் அங்கிருந்து நான் கடலைக் கண்டதில்லை. இடையில் நின்ற தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன. வானம் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தது. சனங்கள் முழங்கால் தண்ணீரில், தூக்கம் கலையாதவர்கள்போல் மெதுவாக நடந்தார்கள்.

அப்பா அன்று கல்முனையில் இல்லை. தச்சு வேலை அவருக்கு. வரிப்பத்தான்சேனையில் வயல்கள் நிறைய வைத்திருந்த ஒரு போடியாரின் புது வீட்டுக்குக் கதவுநிலை வைக்கப் போயிருந்தார். அந்தப் பக்கத்துப் பாதை முழுக்க மரமும் வெள்ளமும்.

எங்கள் கூரை பறந்துவிட்டது. பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, எங்கள் ராத்தாவின் கல்வீடு மட்டும் ஓட்டோடு தப்பியிருந்தது. அவர் வந்து அம்மாவின் கையைப் பிடித்தார்.

"என்னகா தங்கச்சி, இன்னும் யோசிக்கிறாய்? புள்ளயக் கூட்டிட்டு வா. இனி இதான் உன்ட வீடு."

அந்த வீட்டின் ஒரு மூலையில் ராத்தாவின் தொழுகைப் பாய், மறு மூலையில் அம்மாவின் செபமாலை. இருவரும் கேட்டது ஒரே ஆளைத்தான், அப்பாவை. கடவுளுக்கு அந்த நாட்களில் அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டவே பயமாக இருந்திருக்கும்.

பிறகு வரிப்பத்தான்சேனையிலிருந்து நடந்து வந்த ஒருவர், போடியாரின் புதுச் சுவர் இடிந்து வேலையாட்கள் மேல் விழுந்ததாகச் சொன்னார். பெயர் விபரம் அவருக்குத் தெரியாது. எங்கள் வேதக்கோயில் ஆட்களுக்கு, அப்பா செத்துவிட்டார் என்று முடிவுகட்ட அதுவே போதுமாக இருந்தது. அம்மாவைக் கண்டால் குரலைத் தாழ்த்தினார்கள். எனக்கு அவர்கள் எல்லாரையும் கடித்துக் குதற வேண்டும்போல் வந்தது.

நவம்பர் எங்களுக்கு, மோட்சத்துக்குக் காத்திருந்து உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம். மாதம் முடிவதற்குள் அவரவர் வீட்டில் செத்தவர்களுக்காகச் சேமக்காலைக் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துவோம். அந்த வருடம் கூரையில்லாத கோயிலில், மழைத்துளி விழ விழப் பூசை முடிந்தது. ஒரு அன்ரி அம்மாவின் கையில் ஒரு மெழுகுதிரியை வைத்தார்.

"அவருக்காகவும் ஒண்டு கொளுத்து. ஆத்துமம் தவிக்கக் கூடாது."

அம்மா வாங்கிக்கொண்டார். அம்மா அதைக் கொளுத்திவிட்டால் அப்பா செத்தது உண்மையாகிவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

சேமக்காலை மணல் ஈரமாக இருந்தது. சிலுவைகள் சரிந்து கிடந்தன. சுற்றிலும் சுடர்கள் காற்றில் படுத்து எழும்பின. அம்மா வெகுநேரம் நின்றார். நான் அவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மெழுகுதிரியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "வா, போவம்" என்றார். பின்னால் அந்த அன்ரி கூப்பிட்டது எனக்கும் கேட்டது. அம்மா திரும்பவில்லை.

அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ராத்தாவின் பிள்ளைகள் இருட்டில் குர்ஆன் ஓத உட்கார்ந்தபோது அம்மா அந்த மெழுகுதிரியை எடுத்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் நிறுத்திக் கொளுத்தினார். மண்ணெண்ணெய் எங்கும் கிடைக்காத நேரம். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் பிள்ளைகள் ஆடி ஆடி ஓத, கடல் இரைய, நான் ராத்தாவின் மடியில் தூங்கிப்போனேன். அவ்வளவு நிம்மதியாக நான் பிறகும் தூங்கியதில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு பகல், போடியாரின் மகன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கரியரில் அப்பா இருந்தார். தாடி வளர்ந்து, ஒரு காலில் பலகை வைத்துக் கட்டியிருந்தது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். ராத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்று அழுதார். அம்மாவைக் காணவில்லை.

கிணற்றடியில் குந்தியிருந்தார்.

"அம்மா, அப்பா வருவார் எண்டு உங்களுக்கு முதலே தெரியும் தானே?" என்றேன் பெருமையாக.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல மகள். செத்துப்போயிட்டார் எண்டுதான் நானும் நினைச்சன். ஆனா ஆண்டவரிட்ட அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரல்ல."