எலாஸ்டிக் வேகம்

போன மாதம் ஒரு வங்கிக்குப் போன் போட்டேன். அப்பாவின் பென்ஷனை அம்மா பேருக்கு மாற்ற வேண்டும். ஒன்றை அமுக்கு, நாலை அமுக்கு என்று ஒரு பெண்குரல் இந்தியில் அலைக்கழித்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் காத்திரு என்று சொல்லி இசையைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. நானும் போனைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வயலின்களும் ஊதுகுழல்களும் தலைதெறிக்க ஓடின. எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மூன்றாவது சுற்றில்தான் பிடிபட்டது. அட ஆண்டவரே, இது அப்பாவின் பாட்டு! தம்பி செத்ததற்கு அப்பா அழுத பாட்டு. அது ஏன் இந்த ஓட்டம் ஓடுகிறது?

ஒரு வழியாக ஓர் ஆள் லைனில் வந்து "ஜி சர், கஹியே" என்றான். பென்ஷனைக் கேட்க வேண்டியவன், "பையா, அந்த ம்யூசிக்கை இன்னொரு தடவை போட முடியுமா?" என்று கேட்டேன். வைத்துவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

உங்களுக்கு முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். நாங்கள் தலைநகரில், சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தா, அம்மா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். நான், என்னைவிட மூன்று வயது மூத்த எஸ்தர் அக்கா, வெகுநாள் கழித்துப் பிறந்த தம்பி. வீட்டில் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர் இருந்தது. போட்டுப் பத்து நிமிடம் ஆனால் சூடான ரப்பர் வாசனை வரும். இன்றைக்கும் ஆட்டோ டயர் தேய்கிற வாசனை வந்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் கறிக்குழம்பும்தான் ஞாபகம் வரும். என் மூக்கின் அமைப்பு அப்படி.

ரப்பர் வாசனைக்குக் காரணம் அதன் பெல்ட். அது ஒரு மே மாத வெயிலில் இளகி அறுந்துவிட்டது. செங்கோட்டைக்கு எதிரே உள்ள மார்க்கெட்டில் அதே அளவு கிடைக்கும் என்று அப்பா தினமும் சொல்வார், போகமாட்டார். அதுவரைக்கும் இருக்கட்டுமென்று எங்கள் சரோஜினி நகர் மார்க்கெட்டில் பைஜாமாவுக்குப் போடுகிற எலாஸ்டிக் ஒரு முழம் வாங்கி வந்தார். அம்மா அதை வளையமாக்கி, தியேட்டரில் தையல் போடுவதைப் பார்த்துப் பழகிய கையல்லவா, அழகாக மூன்று தையல் போட்டுக் கொடுத்தாள். பிளேயர் ஓடியது. ஓடியது என்ன, நடந்தது. சினிமாப் பாட்டுப் போட்டால் பாடகியின் குரல் ஆம்பளைக் குரலாக வரும். "சளி பிடிச்சிருக்கும்" என்பார் அப்பா. அம்மாவால் சிரிப்பை அடக்க முடியாது. இப்படியே ஒவ்வொரு ரெக்கார்டாக அலமாரிக்குள் போய்விட்டது.

மிஞ்சியது ஒன்றுதான். அப்பாவின் ஆபீசர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. அட்டையில் கறுப்புக் கோட்டுப் போட்ட நாற்பது ஐம்பது வெள்ளைக்காரர்கள் வாத்தியங்களோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். பெரிய சங்கீதமும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. வீட்டில் விருந்தாளி வந்தால் போடுகிற மாதிரி, ஊருக்கெல்லாம் பிடித்த துண்டுகளாகப் பொறுக்கி வாசித்த ரெக்கார்டு. பாடுகிறவர் யாரும் இல்லாததால் எலாஸ்டிக் அதை ஒன்றும் செய்யவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருந்தோம். தாளத்தட்டு படாரென்று உடைகிற ஒன்று 'அப்பளம்'. புல்லாங்குழல் நெளிகிறது 'பாம்பு'. இரண்டாம் பக்கத்துக் கடைசியில் வருவதற்கு மட்டும் பேர் இல்லை. தம்பி போன பிறகு அதற்குப் பேர் வைக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

தம்பி எட்டு மாதத்தில் செத்துப்போனான். காய்ச்சல், நாலே நாள். அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே. அதற்குப் பிறகு வருஷக்கணக்காக, ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் பிரம்பு மோடாவில் உட்கார்ந்து அந்தக் கடைசித் துண்டைப் போடுவார். வயலின்கள் அடித்தொண்டையில் இழுத்து இழுத்து அழும். அப்பாவும் சத்தமில்லாமல் அழுவார். அம்மா அந்த நேரம் பார்த்துத்தான் துணி துவைக்கப் போவாள். எனக்கு எட்டு வயது. சாவு என்றால் என்னவென்று எனக்குப் போதகர் சொல்லித் தரவில்லை, அந்தத் துண்டுதான் சொல்லித் தந்தது. வெள்ளைக்காரனுக்கும் பிள்ளை செத்தால் இப்படித்தான் வலிக்கும் போல என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது புரிகிறதா என் குழப்பம்? அப்பா போய் நாற்பதாம் நாள் நினைவுக் கூட்டத்துக்கு அந்தப் பாட்டைத்தான் போடப்போகிறோம் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். 'அன்னாருக்குப் பிரியமான சோக இசை' என்று அழைப்பிலும் அச்சாகிவிட்டது. வாசகம் என்னுடையது, வேறு யார் இப்படி எழுதுவார்கள்? ரெக்கார்டு எப்போதோ பழைய சாமான் எடுக்கிற கபாடிக்காரனிடம் போய்விட்டது. நெட்டில் தேடிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது இந்த வங்கி போன்.

மெட்ரோ பிடித்துத் துவாரகாவுக்கு ஓடினேன். அம்மா அங்கே அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். அக்கா மகள் ரீனாவுக்கு டிவி கம்பெனியில் வேலை. நான் வாயால் முனகிக் காட்டியதை வைத்தே பாட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். அதே கோஷ்டி, அதே அட்டை. போட்டாள். அக்கா காதைப் பொத்திக்கொண்டாள்.

"எலேய், இது சர்க்கஸ்ல போடுத பாட்டுல்லா!"

"மாமா, யே தோ குதிரை ரேஸ் ம்யூசிக். ஃபுல் மஸ்தி" என்றாள் ரீனா. "ஸ்லோ பண்ணித் தரவா? எவ்வளவு ஸ்லோ?"

எவ்வளவு? எலாஸ்டிக்குக்கு ஏது கணக்கு? ரீனா லேப்டாப்பில் குறைத்துக் குறைத்துக் காட்டினாள். நான் ஓர் இடத்தில் "இதுதான்" என்றேன். அக்கா "போடா, இன்னும் மெதுவா" என்றாள். இன்னும் குறைத்தால் எனக்கு அது வேறு யார் வீட்டுப் பாட்டோ மாதிரி இருந்தது. ஒரே மோடாவைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட இரண்டு பேருக்கும் இரண்டு வேகம். சண்டையே வந்துவிட்டது. எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் ஆத்திரம். அட்டையில் இங்கிலீஷில் குதிரை ஓட்டம் என்று போட்டிருந்திருக்கும். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாதா? தெரிந்துமா அழுதார்? அப்படியானால் நான் பார்த்த மனுஷன் யார்?

கடைசியில், சோபாவில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் போனோம்.

"எம்மா, எது சரி? நீயே சொல்லு."

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முதல்ல போட்டதுதான்."

"அந்த ஓட்டமா?"

"ஆமா மக்கா. அந்த ஆபீசர் வீட்டு விருந்துக்கு நானும் அப்பாவும் பிள்ளையத் தூக்கிட்டுப் போனோம். அங்க இத வச்சாங்க. அப்பா பிள்ளைய முழங்கால்ல வச்சுக் குதிரை ஓட்டுனாவ. அவன் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதப் பாத்துட்டுத்தான் அந்த ஆபீசரு ரெக்கார்டையே குடுத்துட்டாரு. இங்க கொண்டுவந்து வச்சா, எருமை கணக்கா நடக்கு. பிள்ளை சிரிக்கவே இல்ல. 'சனிக்கிழமை பெல்ட் வாங்கிருதேன்'னாவ. வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்துட்டு."

ரீனாவுக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். லேப்டாப்பை மூடினாள். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலிய."

"அப்புறமாவது அப்பா பெல்ட் வாங்கியிருக்கலாமே?"

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "யாருக்கு?"

நினைவுக் கூட்டத்தில் அதை அதன் வேகத்திலேயே போட்டோம். அம்மா அப்படித்தான் வேண்டும் என்றாள். இரண்டரை நிமிடம். சர்ச் ஹாலில் எல்லாரும் அழைப்பிதழையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். போதகர் தப்பான பாட்டு ஓடுகிறது என்று எண்ணி ஸ்பீக்கர்காரரிடம் கையைக் காட்டினார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். யாருக்கும் ஒன்றும் விளக்கவில்லை. விளக்க ஆரம்பித்தால் எலாஸ்டிக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

செய்தது சரிதானா என்று இன்றுவரை தெரியவில்லை. சரியான பாட்டு எனக்குக் கிடைத்துவிட்டது, போனில் கையடக்கமாக இருக்கிறது. ஆனால் அப்பா அழுதது இதற்கு இல்லை. தம்பி போன பிறகு அந்த மெதுவான ஒன்றை உலகத்தில் கேட்டவர்கள் நாங்கள் நாலே பேர். ஒருவர் போய்விட்டார், அம்மா கேட்கப் பிடிக்காமல் குழாயடிக்குப் போனவள், அக்காவுக்கு வேறு வேகம். மிச்சம் நான். நேற்றுச் சாயங்காலம் மெட்ரோவில் கண்ணை மூடிக்கொண்டு அதை நினைத்துப் பார்த்தேன். மோடா வந்தது, அப்பாவின் வெள்ளைச் சட்டை வந்தது, அவர் குனிந்து முள்ளை வைத்தார். வயலின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. எவ்வளவு இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை. அப்பா, தான் எதற்காக அழுகிறோம் என்றே தெரியாமல் அழுதுகொண்டிருந்தார்.