ஷோபனா வூட்டு லைனு

எங்க ஓரகத்தி ஷோபனாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லச் சொன்னா எனக்கு வாய் வராது. மறைக்கிறதுக்கு இன்னா இருக்கு, வயித்தெரிச்சல்தான். என் வூட்டுக்காரர் அர்ச்சுனனோட தம்பி பொண்டாட்டி அவ, பக்கத்து வூடு. பத்தொம்பது வயசுல வாழ வந்தப்ப களி கிண்டத் தெரியாது. கிண்டுனா கட்டி கட்டியா நிக்கும். நான்தான் துடுப்பப் புடுங்கி கிண்டிக் குடுப்பேன். உலை வெச்சுட்டு வாசல்ல போய் நின்னு, காய் விக்க வந்தவளோட மருமவ கதையக் கேட்டுக்கினு இருப்பா. ஊர்ல எவ வந்து நின்னாலும் அவளுக்கு நேரம் இருக்கும்.

நான் அப்படி இல்ல. மலையடிவாரத்துல இந்தத் தெருவுக்கு மொத மொத போன் வந்தது எங்க வூட்டுக்குத்தான். எங்க வூட்டுக்காரரு மலை மேல நெல்லிவாசல் நாட்டுல புளி, சாமை, தேன் வாங்கி திருப்பத்தூர் மண்டிக்கு அனுப்புறவரு. எம்புள்ள கோகுலகிருஷ்ணன் பத்தாவது படிக்கிறப்ப அவரு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, அந்த போன் ஒயரையே அதுல சொருகி இண்டர்நெட்டு போட்டாரு. போட்டா கீச்சு கீச்சுன்னு கத்தும், கர்ருன்னு இழுக்கும், அஞ்சு தடவ முயற்சி பண்ணா ஒரு தடவ சேரும். ரிசல்ட்டு அன்னிக்கு தெருவே எங்க வூட்டுலதான். பக்கம் மேல இருந்து கோடு கோடா எறங்கும். மொதல்ல பேரு வரும். ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம் கழிச்சு தமிழ் மார்க்கு. கணக்கு மார்க்கு வர்றதுக்குள்ள பாதி பேருக்கு வேர்த்துடும். யாரு உள்ள வரணும், யாரு வெளிய நிக்கணும்னு சொல்றவ நானு. ஷோபனா வெளிய நின்னவ.

அந்த நெட்டுல ஒரு பேஜாரு. அது ஓடுற வரைக்கும் போன் வராது. தெருவுக்கே எங்க போன் ஒண்ணுதான். ஒரு நாள் கோகுலு பாட்டு எறக்குறேன்னு மணிக்கணக்கா லைனப் புடிச்சிக்கினு உக்காந்துட்டான். எதிர்வூட்டு குப்பம்மாவோட புருஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரில கெடந்தாரு. அங்கேர்ந்து போன் போட்டு போட்டுப் பாத்துட்டு, ஆள் கெளம்பி வந்து சொல்றதுக்குள்ள அவரு உசுரு பூட்டுச்சி. குப்பம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல. நான் புள்ளைய வெளக்கமாத்தாலயே சாத்துனேன். அன்னையிலிருந்து எங்க வூட்டுல ஒரே சட்டம்தான். சொல்றத துண்டுச் சீட்டுல எழுதிக்கோ, சொல்லு, லைன வுடு. அவன் காலேஜு ஹாஸ்டல்ல இருந்து பேசுனாலும் அதே கதைதான். சீட்டுல இருக்கறது முடிஞ்சா வைடான்னுடுவேன்.

இப்ப அவன் பூனாவுல பெரிய கம்பெனில இருக்கான். லீவு இல்லன்னு ரெண்டு வருஷமா வரல. என் செல்போன்ல வீடியோ போட்டா, மலை மறைக்குதோ இன்னாவோ, புள்ள மூஞ்சி கட்டம் கட்டமா ஒடைஞ்சி அப்படியே நின்னுடும். போன வருஷம் ஷோபனா, தையல் வேலைக்கு ஜாக்கெட்டு மாடல் வீடியோ பாக்கணும்னு ஃபைபர் ஒயரு இழுத்துட்டா. அவ வூட்டுல படம் நின்னு வட்டம் சுத்துறதே கெடையாது. கோகுலு என்னடான்னா, சித்தி வூட்டுக்குப் போய் பேசும்மான்றான். நான் பெத்த புள்ளையப் பாக்க நான் அவ வூட்டுப் படி ஏறணுமாம். ரெண்டு தடவ ஏறுனேன், அத்தோட நிறுத்திட்டேன்.

ஆனா ஞாயித்துக்கிழமையானா சொவத்துக்கு அந்தாண்ட அவன் பேசுற சத்தம் கேக்கும். ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம். நடுவுல சிரிப்பு வேற. இன்னா பேசுறான்னு புரியாது. எனக்கு வயிறு பத்திக்கினு எரியும். எல்லாம் அந்த ஒயரு பண்ற வேலன்னு நெனச்சேன். அந்த ஒயரு எங்க வூட்டுல இருந்தா எம்புள்ள எங்கிட்ட பேச மாட்டானா? வூட்டுக்காரர்கிட்ட மூணு நாள் பேசாம இருந்து சாதிச்சேன். ஒயரு இழுக்க வந்த ஆளுகிட்ட, பக்கத்து வூட்டுல இன்னா ஸ்பீடோ அதுக்கு மேல ஒண்ணு போடுங்கன்னு சொன்னேன்.

போன ஞாயிறு செல்போன டிவியோட சேத்து, டிவியிலயே புள்ளையப் போட்டேன். தாடில ரெண்டு நரை கூட தெரிஞ்சிது. ஒரு தடவ கூட படம் நிக்கல. சீட்டப் பாத்து ஒண்ணொண்ணா கேட்டேன். சாப்புட்டியா, எண்ண தேச்சிக் குளிக்கிறியா, செங்கத்துப் பொண்ணு போட்டோ பாத்தியா, பூனாவுல பெரிய கம்பெனின்னு அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன். எல்லாத்துக்கும் உம் உம்னான். நாலு நிமிஷத்துல சீட்டு தீந்துடுச்சி.

"அப்புறம்?"னேன்.

"அவ்ளோதாம்மா. நீ வெச்சுடு."

வைக்க வேணாம், எவ்ளோ நேரம் வேணா பேசலாம், நெறைய ஸ்பீடு வாங்கியிருக்கேன்னேன். அவன் தலையச் சொறிஞ்சிக்கினான். நான் அவன் மூஞ்சியையே பாத்துக்கினு இருந்தேன். கடைசியில வாயத் தொறந்து, "சித்தி இருக்காங்களா?"ன்னு கேட்டான்.

செருப்பால அடிச்சாப்ல இருந்துச்சி. அணைச்சிடலாம்னுதான் கை போச்சு. ஆனா அந்தக் கேள்விக்கப்புறம்தான் அவன் மூஞ்சில உசுரு வந்துச்சி. அதப் பாத்துட்டு, சொவத்தாண்ட போய் ஷோபனாவக் கூப்ட்டேன். பட்டனுக்கு காஜா எடுக்கற துணியோட வந்தா. நீங்க பேசறப்ப நான் எதுக்குங்கக்கான்னு தயங்குனா. உக்காருன்னு சொல்லிட்டு நான் சமையக்கட்டுக்கு வந்துட்டேன். அவ உக்காந்து ஊசியில நூல் கோத்தா, ஒண்ணும் கேக்கல.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா சித்தி?"ன்னு அவன் கேட்டான்.

ஷோபனா திரும்பி சமையக்கட்டு வாசல்ல நின்ன என்னப் பாத்தா. இல்லன்னு சொல்லுன்னு நான் தலையாட்டுனேன்.

"இல்லப்பா, கடைக்குப் போயிருக்காங்க"ன்னா.

அப்புறம்தான் எம்புள்ள பேசுனான். அஞ்சு மாசமா வேல இல்லையாம் அவனுக்கு. சிநேகிதன் ரூம்ல ஒண்டிக்கினு இருக்கானாம். புதன்கெழம வேல கேட்டுப் போன எடத்துலயும் ஆவலையாம். நைட்டுல தூக்கமே வர்றதில்லையாம். ஷோபனா தச்சிக்கினே கேட்டா. படம் ஒரு எடத்துல கூட நிக்கல, ஒரு வார்த்த கூட வுட்டுப் போவல. நான் கதவோரம் முந்தானைய வாயில வெச்சு அழுத்திக்கினு, சத்தம் வராம நின்னேன்.